கண்ணில் படாதது யார் குற்றம்? – ஒரு ஸ்பானியச் சொல்லின் வரலாறு



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் பயின்றவர் எவரும் 'நாற்றம்' என்னும் சொல்லின் கதையைக் கேளாமல் வெளியேறியிருக்க மாட்டார். முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்த அச்சொல், இன்று மூக்கைப் பொத்த வைக்கும் வாடையை மட்டுமே குறிக்கிறது. உயர்ந்த பொருள் தாழ்ந்து போனதற்கு எடுத்துக்காட்டாக அதனைச் சொல்கிறோம். பொருள் உயர்வதும் தாழ்வதும் போலவே இன்னொரு வகை மாற்றமும் மொழிகளில் நிகழ்கிறது. ஒரு சொல், தான் சுட்டிக்காட்டும் ஆளையே மாற்றிவிடுகிறது. நேற்றுவரை ஒருவரை நோக்கி நீண்டிருந்த விரல் இன்று வேறொருவர் பக்கம் திரும்பிவிடுகிறது.

அப்படித் திரும்பிய சொல் ஒன்று ஸ்பானிய மொழியில் உண்டு. 'தெசப்பெர்சிபிதோ' என்பது அச்சொல். விழிப்பின்மை, கவனமின்மை ஆகியவற்றைச் சுற்றியே அதன் வாழ்க்கை அமைந்துள்ளது. பல நூற்றாண்டுகளாக அது பயணம் செய்த பாதையைப் பார்த்தால், வகுப்பறையில் நிற்கும் நமக்கும் வீட்டில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்க்கும் அதில் ஒரு செய்தி இருப்பது புலனாகும்.

ஸ்பானிய மொழிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அம்மொழியின் உடன்பிறப்பாகிய போர்த்துகீசியம் நம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. மேசை, சாவி, சன்னல், அலமாரி ஆகியவை போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. 1511-ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழி மலாயிலும் பதிந்துள்ளது. நாம் நாள்தோறும் சொல்லும் 'செக்கோலா' என்ற மலாய்ச் சொல்லே 'எஸ்கோலா' என்ற போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. ஆகவே, இந்த மொழிக் குடும்பத்தின் கதை நமக்கு முற்றிலும் அயலார் வீட்டுக் கதை அன்று.

சொல்லின் வேர்

ஸ்பானிய மொழியின் தாய் இலத்தீன். அதில் 'காப்பெரே' என்றொரு வினைச்சொல் உண்டு. பிடித்தல், எடுத்தல் என்பன அதன் பொருள். அதன் முன் 'பெர்' என்ற முன்னொட்டுச் சேர்ந்தபோது 'பெர்சிப்பெரே' பிறந்தது. முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். கையால் பற்றுவதைக் குறித்த சொல், நாளடைவில் புலன்களால் பற்றுவதையும் அறிவால் பற்றுவதையும் குறித்தது. தமிழிலும் நாம் இவ்வாறுதானே பேசுகிறோம்? ஒரு கணக்கு விளங்காதபோது "பிடிபடவில்லை" என்கிறோம். அறிவுக்கும் ஒரு கை இருப்பதாக இரண்டு மொழியினரும் எண்ணியிருக்கின்றனர்!

இலத்தீன் சொல்லின் வழியே ஸ்பானியத்தில் 'பெர்சிபிர்' வந்தது. புலன்களால் உணர்தல் என்பது அதன் பொருள். அதனோடு 'அ' என்ற முன்னொட்டுச் சேர்ந்த 'அப்பெர்சிபிர்' என்ற வினையோ சற்று விலகி நடந்தது. ஆயத்தம் செய்தல், வேண்டியவற்றைத் திரட்டி வைத்தல், முன்கூட்டியே எச்சரித்தல் என்னும் பொருள்களை அது ஏற்றது. வரப்போவதை உணர்ந்தவன் ஆயத்தமாவான் அல்லவா? உணர்தலிலிருந்து ஆயத்தத்திற்குச் சென்ற இந்தப் பாதை இயல்பானதே.

'அப்பெர்சிபிதோ' என்றால் ஆயத்தமாக இருப்பவன். அதன் முன் 'தெஸ்' என்ற எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் 'தெசப்பெர்சிபிதோ'. ஆயத்தம் இல்லாதவன், முன்னேற்பாடு செய்யாதவன், வேண்டியவை கைவசம் இல்லாதவன் என்பதே அதன் முதற்பொருள். பெண்ணைக் குறித்தால் இறுதி ஒலி மாறி 'தெசப்பெர்சிபிதா' ஆகும்.

விளக்கும் எண்ணெயும்

இப்பழைய பொருளுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஸ்பானிய மொழியில் பெரிதும் வாசிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று விவிலியம். காசியோதோரோ தெ ரெய்னா என்பவர் மொழிபெயர்த்த முழு விவிலியம் 1569-இல் பாசல் நகரில் அச்சாகியது. சிப்ரியானோ தெ வலேரா அதனைத் திருத்தி 1602-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். இருவர் பெயராலும் 'ரெய்னா வலேரா' என்று வழங்கப்படும் அம்மொழிபெயர்ப்பு அதன் பின்னரும் பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

மத்தேயு நற்செய்தியில் பத்துக் கன்னியர் உவமையைப் பலரும் அறிந்திருப்பர். மணமகனின் வரவுக்காகப் பத்துப் பெண்கள் விளக்குகளோடு காத்திருந்தனர். ஐவர் கூடுதல் எண்ணெயைக் கையோடு கொண்டு வந்திருந்தனர். ஐவரிடம் அது இல்லை. நள்ளிரவில் மணமகன் வந்துவிட்டதாகக் குரல் எழுந்தபோது, எண்ணெய் இல்லாதவர்கள் அதை வாங்க ஓடினர். ஆயத்தமாக இருந்தவர்கள் உள்ளே சென்றனர், கதவு அடைபட்டது.

இங்கே 'ஆயத்தமாக இருந்தவர்கள்' என்ற இடத்தில் 1909-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 'அப்பெர்சிபிதாஸ்' என்ற சொல்லை ஆள்கிறது. 1960-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அதே இடத்தில் 'ப்ரெப்பராதாஸ்' என்ற எளிய சொல் அமர்ந்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குள் பழைய சொல்லைப் பொதுமக்களுக்காக மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டதை இந்த ஒரு திருத்தமே காட்டுகிறது.

உவமையில் வரும் எண்ணெய் இல்லாத ஐவரும் பழைய பொருளில் 'தெசப்பெர்சிபிதாஸ்' ஆவர். விரல் நேராக அவர்களையே சுட்டுகிறது. ஆயத்தம் செய்யாதது அவர்கள் பொறுப்பு. மணமகன் மீது எவரும் குறை சொல்ல முடியாது.

கழகம் தோன்றிய காலம்

1700-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் அரியணை பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரனாகிய ஐந்தாம் பெலிப்பேயிடம் சென்றது. அவர் ஆட்சியில், 1713-ஆம் ஆண்டு, வியேனா கோமகன் என்பாரின் முயற்சியால் ஸ்பானிய அரச மொழிக் கழகம் மத்ரித் நகரில் தோன்றியது. தூய்மை செய்தல், நிலைநிறுத்துதல், ஒளியூட்டுதல் என்னும் மூன்றையும் அக்கழகம் தன் குறிக்கோளாக ஏற்றது.

அதன் முதல் பெரும்பணி ஆறு தொகுதிகள் கொண்ட அகராதி. 1726 முதல் 1739 வரை அது வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நல்லாசிரியர் நூல்களிலிருந்து சான்று காட்ட முனைந்தமையால் 'சான்றோர் அகராதி' என்று அதனை நாம் தமிழில் வழங்கலாம். 'தே' எழுத்தில் தொடங்கும் சொற்கள் 1732-இல் வந்த மூன்றாம் தொகுதியில் உள்ளன. நம் சொல் அந்த நாளில் ஆயத்தமின்மை என்னும் பழைய பொருளிலேயே வாழ்ந்தது.

பிரெஞ்சுக் காற்று

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் கல்வி மொழியாகவும் நாகரிக மொழியாகவும் பிரெஞ்சு விளங்கியது. ஸ்பெயினில் பிரெஞ்சு நூல்களும் நாடகங்களும் தொடர்கதைகளும் ஓயாமல் மொழிபெயர்க்கப்பட்டன. விரைந்து மொழிபெயர்ப்போர் அயல்மொழித் தொடரின் எலும்புக்கூட்டின் மேல் சொந்த மொழியின் தோலைப் போர்த்திவிடுவது எங்கும் நடப்பதே.

பிரெஞ்சு மொழியில் 'அப்பெர்செவ்வார்' என்ற வினை உண்டு. ஸ்பானிய 'அப்பெர்சிபிர்' போன்றே அதுவும் இலத்தீன் 'பெர்சிப்பெரே'யின் வழித்தோன்றல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் குணம் வேறு! ஸ்பானியச் சொல் ஆயத்தத்தின் பக்கம் போயிற்று. பிரெஞ்சுச் சொல் காண்டலோடும் உணர்தலோடும் நின்றது. அதன் வழிவந்த 'இனப்பெர்சு' என்ற சொல்லுக்குக் காணப்படாதது, கவனிக்கப்படாதது என்று பொருள். கவனிக்கப்படாமல் கடந்து போவதைப் பிரெஞ்சுக்காரர் 'பஸ்ஸே இனப்பெர்சு' என்பர்.

இத்தொடரே ஸ்பானியத்தில் 'பசார் தெசப்பெர்சிபிதோ' என்ற வடிவில் வேரூன்றியது. ஒலியும் ஒத்திருந்தது, உருவமும் ஒத்திருந்தது. ஆயத்தமில்லாத மனிதனைக் குறித்த சொல், கவனிக்கப்படாத பொருளைக் குறிக்கலாயிற்று.

பிரெஞ்சுக் காற்று வீசியதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வதும் முழுமையாகாது. சொல்லின் நடுவே 'பெர்சிபி' என்ற பகுதி எல்லார் காதிலும் தெளிவாக விழுகிறது. உணர்தல் என்னும் பொருள்கொண்ட 'பெர்சிபிர்' அன்றாட வழக்கில் உள்ள சொல். 'உணரப்படாதது' என்று பொதுமக்கள் தாமாகவே பொருள் பிரித்துக்கொள்ள அச்சொல்லின் உடலே இடம் கொடுத்தது. வெளியிலிருந்து விதை வந்தது. மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

தூய்மையாளரின் தடை

1808-இல் நெப்போலியனின் படை ஸ்பெயினை ஆக்கிரமித்தது. 1814 வரை நீடித்த போரில் நாடு பெருந்துன்பம் அடைந்தது. பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தவர்களைப் 'பிரெஞ்சுமயமானவர்' என்று மக்கள் இகழ்ந்தனர். பிரெஞ்சுச் சாயல் கொண்ட சொல்லைக் கண்டால் சினம் கொள்ளும் மனநிலைக்கு இந்தக் காயமும் உரமிட்டது.

வியப்பு என்னவெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பானிய மொழியைக் காக்க முன்னின்றவர்களுள் பலர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பிறந்தவர்கள். வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் 1781-இல் பிறந்த ஆந்திரேஸ் பெல்யோ, சிலி நாட்டில் குடியேறிக் கல்விப் பணி ஆற்றினார். 1833, 1834-ஆம் ஆண்டுகளில் சந்தியாகோவின் 'எல் அராவுகானோ' இதழில் மொழிப் பயன்பாடு பற்றிய அறிவுரைகளை வெளியிட்டார். அவற்றை யாருக்கு எழுதினார் தெரியுமா? பெற்றோர்களுக்கும் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் என்று தலைப்பிலேயே குறித்தார். மொழி காக்கும் இடம் வீடும் பள்ளியும்தான் என்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தார். 1847-இல் அவர் வெளியிட்ட இலக்கண நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

மரக்காய்போ நகரில் பிறந்த ரபாயேல் மரியா பரால்ட், 1855-இல் மத்ரித்தில் பிரெஞ்சுச் சாயல் படிந்த சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். கொலம்பியாவின் பொகோத்தா நகரில் பிறந்த ருபினோ ஹோசே குயெர்வோ, தம் ஊர்ப் பேச்சுவழக்கை ஆராய்ந்த நூலை 1867 முதல் 1872 வரை வெளியிட்டார். அவர் 1886-இல் தொடங்கிய பேரகராதியைப் பின்வந்தோர் 1994-இல்தான் முடித்தனர். மொழிக்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய அஞ்சலோட்டம் அது!

இத்தகைய சூழலில், நம் சொல்லின் புதுப்பொருளும் தூய்மையாளரின் கண்டனத்திற்கு ஆளானது. அவர்களின் வாதம் எளிது. 'அப்பெர்சிபிர்' என்றால் ஆயத்தம் செய்தல். எனவே, எதிர்மறை வடிவம் ஆயத்தமின்மையை மட்டுமே குறிக்க இயலும். கவனிக்கப்படாததைச் சொல்ல 'இனத்வெர்த்திதோ' என்ற நல்ல சொல் இருக்கிறது; அதனையே ஆள வேண்டும். இந்த அறிவுரை தலைமுறை தலைமுறையாக நடைக்கையேடுகளில் இடம்பெற்றது.

தடை போட்டும் புதுப்பொருள் நிற்கவில்லை. செய்தித்தாள்களிலும் கதைகளிலும் பேச்சிலும் அது பரவியது. ஸ்பானிய அரச மொழிக் கழகமும் அமெரிக்க நாடுகளின் கழகங்களும் உள்ளிட்ட 22 கழகங்கள் இணைந்து 2005-இல் வெளியிட்ட ஐயந்தீர் அகராதி, கவனிக்கப்படாதது என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது. இன்றைய அகராதியில் பழைய பொருளும் புதிய பொருளும் அருகருகே நிற்கின்றன. ஆனால், வழக்கில் மேலோங்கி நிற்பது புதியதே. ஆயத்தமில்லாத மனிதனைச் சொல்ல 'தெஸ்ப்ரெவெனிதோ' என்ற வேறு சொல்லையே மக்கள் பெரும்பாலும் நாடுகின்றனர்.

தூய்மையாளர் பரிந்துரைத்த 'இனத்வெர்த்திதோ'வின் கதையையும் பாருங்கள். ஒன்றின் பக்கம் திரும்புதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் 'அத்வெர்த்தெரே'யிலிருந்து அது வந்தது. கவனிக்க வேண்டியதைக் கவனிக்காத மனிதன் என்றும் அதற்குப் பொருள்; கவனிக்கப்படாத பொருள் என்றும் அதற்குப் பொருள்! எந்த இரட்டைத்தன்மைக்கு அஞ்சி ஒரு சொல்லை விலக்கினார்களோ, ஏறக்குறைய அதே இரட்டைத்தன்மை மாற்றுச் சொல்லிலும் இருந்தது. காணாதவனும் காணப்படாததும் மொழியில் அடிக்கடி ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றனர். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்பதே இதற்குக் காரணம் என நான் கருதுகிறேன்.

பொறுப்பு எங்கே போயிற்று?

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம்.

பழைய பொருளில் அச்சொல்லைச் சொன்னால், ஆயத்தமில்லாத ஓர் ஆள் நம் கண்முன் நிற்பார். அவரிடம் கேள்வி கேட்கலாம். புதுப்பொருளில் 'லா நின்யா பசோ தெசப்பெர்சிபிதா' என்று சொல்கிறோம் என வைத்துக்கொள்வோம். 'அச்சிறுமி கவனிக்கப்படாமல் கடந்து போனாள்' என்று பொருள். இத்தொடரின் எழுவாய் சிறுமி. கடந்து போனவளும் அவளே. யார் கவனிக்கவில்லை? அந்த ஆள் தொடரில் எங்கும் இல்லை! விரல் திரும்பிவிட்டது.

ஸ்பானியரை மட்டும் சொல்வானேன்? நம் தமிழிலும் இதே வழி திறந்திருக்கிறது. "அந்தப் பையன் கண்ணில் படவில்லை" என்கிறோம். கண்ணில் வந்து படுவது பையனின் வேலை போல ஆகிவிடுகிறது. "அச்செய்தி என் கவனத்திற்கு வரவில்லை" என்கிறோம். செய்தி நடந்து வந்திருக்க வேண்டும் போலும்! மொழி நமக்கு அளிக்கும் இந்த மறைவிடம் மிகவும் வசதியானது. அதனால்தான் அறிக்கைகளில் இத்தகைய தொடர்கள் நிறைந்திருக்கின்றன.

முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் யார் கண்ணில் படுவர்? கையை உயர்த்தித் துள்ளும் கெட்டிக்கார மாணவர் படுவர். மேசையைத் தட்டும் குறும்பர் படுவர். இவ்விருவருக்கும் இடையில், கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்தெழுதிவிட்டு, வாசிக்கத் தெரியாததை மறைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு வகுப்பேறி, ஆறாம் ஆண்டையும் முடித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடும். அங்கே ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லும்போதுதான் உண்மை வெளிப்படும். "எப்படித் தெரியாமல் போனது?" என்று அப்போது எல்லாரும் வியப்பர்.

இங்கேதான் அந்த ஸ்பானியச் சொல்லின் இரண்டு பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை புதிய பொருளில் 'தெசப்பெர்சிபிதோ', கவனிக்கப்படாதது. சுற்றியிருந்த பெரியவர்கள் பழைய பொருளில் 'தெசப்பெர்சிபிதோ', ஆயத்தமில்லாதவர்கள். முதல் நிலைக்குக் காரணம் இரண்டாம் நிலை. பார்ப்பதற்கு ஏற்பாடு செய்யாத இடத்தில் அமைதியான பிள்ளை ஒருபோதும் தானாகக் கண்ணில் படாது.

திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 54-ஆம் அதிகாரமான அது பொருட்பாலில் அரசியல் பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. மறதியால் கடமையில் சோர்தலே பொச்சாப்பு. மக்களைக் காக்கும் பொறுப்பில் இருப்பவனுக்கு அது ஆகாது என்பதே அவ்வைப்புமுறை உணர்த்தும் செய்தி. வகுப்பறையும் ஒரு சிறு நாடுதானே!

ஏற்பாடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வார இறுதியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, இந்த வாரம் யார் குரலை வகுப்பில் கேட்கவில்லை என்று பெயர் பெயராகப் பார்த்துக் குறியிடலாம். அடுத்த வாரத் தொடக்கத்தில் அந்தப் பெயர்களை முதலில் அழைத்து வாசிக்கச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலைதான். பெற்றோர்களும் ஆசிரியரைச் சந்திக்க வரும்போது, "என் பிள்ளை எத்தனை மதிப்பெண்?" என்பதோடு நில்லாமல், "என் பிள்ளை வகுப்பில் வாய் திறந்து பேசுகிறதா? வாசிப்பதை நீங்கள் கேட்டீர்களா?" என்றும் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு பக்கத்தையாவது உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இவையே நம் விளக்குக்கான எண்ணெய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'அப்பெர்சிபிர்' வினையிலிருந்து 'அப்பெர்சிபிமியெந்தோ' என்ற சொல் பிறந்தது. ஸ்பெயின் நாட்டு நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் எழுத்து வழியாகத் தரும் எச்சரிக்கைக்கு இது பெயர். அச்சொல்லின் வேரைப் பார்த்தால், எச்சரிப்பது என்பது ஒருவரை ஆயத்தப்படுத்துவது. நாம் பெற்றோர்க்கு அனுப்பும் கடிதங்களும் அப்படி அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தும் கடிதத்தால் பயன் குறைவு. வரப்போவதை உணர்த்தி, வீட்டாரை ஆயத்தப்படுத்தும் கடிதமே உண்மையான எச்சரிக்கை.

அகராதியில் பழைய பொருள் இன்னும் அழிந்துவிடவில்லை. மக்கள் வாயில் அரிதாகிவிட்டாலும் அது ஏட்டில் காத்திருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அப்பழைய பொருளை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஒரு பிள்ளையைப் பற்றி "கண்ணில் படவில்லை" என்று எழுத நேரும்போது, "நாங்கள் பார்க்கவில்லை" என்று எழுவாயை மாற்றி எழுதிப் பார்ப்போம். தொடர் மாறும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்